தாத்தா பாட்டியோடு அவுட்பேக்கில் கூடாரம்: அடிலெய்டு முதல் உலுரு வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நடுத் தலைமுறை. ஒரு பக்கம் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, இன்னொரு பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுவில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போகிறவர்கள் இவர்கள். அவுட்பேக் என்பது ஆஸ்திரேலியாவின் வறண்ட, ஆளரவம் குறைந்த உள்நாட்டுப் பகுதி. வழி இதுதான்: அடிலெய்டு, போர்ட் அகஸ்டா, கூபர் பீடி, உலுரு என்ற பெரும்பாறை, கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கு, கடைசியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். முழுக்கத் தார்ச்சாலை. மூத்தவரின் முழங்காலும் இளையவரின் பொறுமையும் எவ்வளவு தாங்குமோ அதுதான் பயணத்தின் வேகம். கீழே உள்ள பதில்களில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வருபவைதான்.

எந்த மாதத்தில் போகலாம்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அங்கே அது குளிர்காலம். பகலில் 20 டிகிரியை ஒட்டி இதமான வெயில். இரவில் உலுரு பக்கம் 4, 5 டிகிரி, சில இரவுகளில் பூஜ்ஜியத்துக்கும் கீழே. பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும் பெரியவர்கள் முதல் இரவே நடுங்கிப்போவார்கள்.

டிசம்பர், ஜனவரி வேண்டவே வேண்டாம். "வேலூர் வெயிலையே பார்த்தாச்சு, இது என்ன" என்பார் அப்பா. வேலூரில் வியர்வை வழிவது தெரியும். இங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்த்ததே தெரியாமல் உடம்பில் நீர் வற்றிவிடும். 40 டிகிரியைத் தாண்டுவது கோடையில் சர்வசாதாரணம்.

ஜூலையில் பள்ளி விடுமுறைக் கூட்டம் இருக்கும். உலுருவுக்குப் பக்கத்தில் தங்க யுலாரா என்ற ஒரே ஊர்தான். தேசியப் பூங்காவுக்குள் கூடாரம் போட அனுமதி கிடையாது. அதனால் யுலாரா முகாம் இடத்தைப் பல மாதம் முன்பே பதிவு செய்துவிட்டு, மற்ற ஊர்களை அதற்கேற்ப முன்னும் பின்னும் பொருத்துங்கள்.

மொத்தம் எவ்வளவு தூரம்? ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டலாம்?

அடிலெய்டிலிருந்து யுலாராவுக்குச் சுமார் 1,600 கி.மீ. இளவட்டங்கள் இரண்டே நாளில் அடித்துவிடுவார்கள். மூன்று தலைமுறை போகும்போது அந்தக் கணக்கு வேலைக்காகாது. ஒரு நாளைக்கு 300 கி.மீ. போதும், 400 உச்சவரம்பு. மாலை நாலு மணிக்குள் கூடாரம் அடித்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஆறு மணியைச் சுற்றிப் பொழுது சாய்கிறது, கங்காரு சாலைக்கு வரும் நேரமும் அதுதான். ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல வாடகை வண்டி ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

முதல் நாள் போர்ட் அகஸ்டா வரை 310 கி.மீ. அங்கிருந்து ஆரம்பிப்பதுதான் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. 1861-62இல் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்த ஜான் மெக்டுவால் ஸ்டூவர்ட்டின் பெயர். அடுத்த நாள் கிளென்டாம்போ வரை 285 கி.மீ. நடுவில் வூமராவில் பழைய ராக்கெட்டுகளைத் திறந்தவெளியில் நிறுத்தியிருக்கிறார்கள், பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். லேக் ஹார்ட் என்ற உப்பு ஏரி சாலையோரத்திலேயே தெரியும். மூன்றாம் நாள் கூபர் பீடி, 254 கி.மீ. அங்கே இரண்டு இரவு கட்டாயம் தங்குங்கள். பிறகு மார்லா 235, எர்ல்டண்டா 255, அங்கே இடப்பக்கம் திரும்பி லாசெட்டர் நெடுஞ்சாலையில் யுலாராவுக்கு 250. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூடாரத்தைப் பிரித்து மடிப்பதுதான் பெரியவர்களைச் சோர்வடைய வைக்கிறது, தூரம் அல்ல.

கிளென்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையே எரிபொருள் கிடையாது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும் முன் நிரப்புவது இந்தச் சாலையில் பொதுவிதி. கிளென்டாம்போ ஊர்ப் பலகை பிரபலம்: ஆடுகள் 22,500, ஈக்கள் ஏறத்தாழ 20 லட்சம், மனிதர்கள் 30.

ஏழு பேர் இருக்கிறோம். பெரிய மோட்டார்ஹோம் ஒன்று எடுத்தால் போதுமா?

வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோம் பெரும்பாலும் ஆறு பேருக்குத்தான். அந்த ஆறு பேரிலும் இரண்டு பேர் மேல்தட்டுக்கு ஏணியில் ஏற வேண்டும். ஆறு பேர் தூங்க முடியும் என்பது வேறு, ஒரே குளிர் இரவில் மூன்று பேர் பாத்ரூமுக்கு எழும்போது மற்றவர்கள் தூங்க முடியுமா என்பது வேறு. என் யோசனை: சாதாரண ஏழு இருக்கை வண்டி ஒன்று, அதோடு ஒரு சின்ன கார். இரண்டு வண்டி இருந்தால், தாத்தாவுக்கு அலுப்பு என்றால் ஒரு வண்டி முகாமுக்குத் திரும்பலாம், மற்றவர்கள் தொடரலாம். அந்தச் சுதந்திரத்துக்காகவே செலவு செய்யலாம். தார்ச்சாலையை விட்டு இறங்காதவரை நாலு சக்கர இயக்கம் தேவையில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூடாரத்தில் படுக்க முடியுமா?

தரையில் மெத்தை விரித்தால் முடியாது. படுப்பது சுலபம், எழுந்திருப்பதுதான் பாடு. முகாம் பொருள் கடைகளில் ஸ்ட்ரெச்சர் என்று மடக்குக் கட்டில் கிடைக்கும். அதிலும் தாழ்வாக ஒரு வகை இருக்கிறது, அது வேண்டாம். கடையிலேயே அம்மாவை உட்கார வையுங்கள். முழங்கால் இடுப்பைவிட மேலே போகாமல் பாதம் தரையில் பதிந்தால் அந்த உயரம் சரி. அதன் மேல் ஒரு நுரை மெத்தை போடுங்கள், கட்டிலுக்குக் கீழே ஓடும் குளிர்காற்று முதுகில் ஏறாது. நின்றபடி உள்ளே நுழையும் உயரமான கூடாரமாகப் பாருங்கள்.

அதுவும் முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேரவன் பூங்கா என்பது வண்டியையோ கூடாரத்தையோ போட்டுத் தங்கும் கட்டண முகாம்; பலவற்றில் கேபின் எனும் சின்ன வீடும் உண்டு. கேபினில் தாத்தா பாட்டி, பக்கத்துப் புல்வெளியிலோ செம்மண்ணிலோ மற்றவர்கள். சாப்பாடும் கதையும் கூடாரத்தில், தூக்கம் மட்டும் கேபினில். இதை முகாமில்லை என்று சொல்பவர்களோடு வாதாட வேண்டாம்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது: கழிப்பறை?

கூச்சப்படாமல் முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி. பெரியவர்கள் இதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். வறண்ட ஊரில் அதைவிட ஆபத்து வேறில்லை. அதனால் கிளம்பும் முன்பே எங்கே, எத்தனை மணிக்கு நிறுத்துவோம் என்று சொல்லிவிடுங்கள்.

கேரவன் பூங்காக்களில் வெந்நீர்க் குளியலறையோடு சுத்தமான கழிப்பறைகள் இருக்கும். ரோட்ஹவுஸ் எனப்படும் பெட்ரோல் நிலையங்களிலும் உண்டு. சாலையோர ஓய்விடங்களில் சிலவற்றில் குழிக் கழிப்பறை, சிலவற்றில் மரம்கூட இல்லை. எங்கே என்ன இருக்கிறது என்று விக்கிகேம்ப்ஸ் செயலியில் பார்க்கலாம். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும்.

ஓய்விடத்தில் காகிதம்தான் இருக்கும், அதுவும் நிச்சயமில்லை. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் குவளையும் ஒரு பையில் போட்டு, அந்தப் பையை வண்டிக் கதவின் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். டிக்கியில் மூட்டைக்கு அடியில் இருந்தால் இருந்தும் பயனில்லை. இரவுக்கு, மடக்கு நாற்காலி வடிவ கம்மோடும் அதை மறைக்கும் சின்ன நிமிர்ந்த கூடாரமும் கடைகளில் கிடைக்கின்றன. பூஜ்ஜியம் டிகிரியில் இருட்டில் 100 மீட்டர் நடந்து போய்வருவதைவிட இது எவ்வளவோ மேல். பாட்டியின் தலைமாட்டில் ஒரு டார்ச், கட்டிலடியில் மூடிய செருப்பு. போடும் முன் கவிழ்த்துத் தட்டச் சொல்லுங்கள்.

மாத்திரை, இன்சுலின் எப்படிக் கொண்டுபோவது?

பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மருத்துவரின் சீட்டை ஆஸ்திரேலிய மருந்துக் கடையில் ஏற்க மாட்டார்கள், இங்குள்ள மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும். அது அடிலெய்டிலேயே முடியட்டும்.

இன்சுலின் சூட்டில் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பதைக் குளிர்கால முகாமில் மறந்துவிடுகிறோம். இரவில் காருக்குள் வைத்தால் விடியற்காலையில் உறைநிலைக்கு வந்துவிடலாம். பனிக்கட்டி போடாத குளிர்பெட்டியில் துணி சுற்றி, கூடாரத்துக்குள் ஆட்கள் படுக்கும் பக்கத்தில் வையுங்கள். ஒருமுறை உறைந்ததை, உருகிவிட்டதே என்று போட்டுக்கொள்ளக் கூடாது.

அவசரம் என்றால் யார் வருவார்கள்? செலவு?

கூபர் பீடியில் மருத்துவமனை இருக்கிறது, யுலாராவில் மருத்துவ நிலையம், பெரிய மருத்துவமனை ஆலிஸ் ஸ்பிரிங்ஸில். இவற்றுக்கு இடையே ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ்: 1928இல் ஜான் ஃப்ளின் தொடங்கியது, இன்றும் விமானத்தில் மருத்துவரோ செவிலியரோ வந்து இறங்குவார்கள். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையிலேயே சில இடங்களில் சாலை திடீரென்று அகலமாகி, குறுக்கே பியானோ கட்டைகள் மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரியும். அது அவர்களின் ஓடுபாதை. அங்கே வண்டியை நிறுத்திப் படமெடுக்காதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் குடியிருப்பவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு, பார்க்க வந்த பெற்றோருக்கு இல்லை. சில நாடுகளோடு மருத்துவ ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் இல்லை. பயணக் காப்பீட்டில் இரண்டைப் பாருங்கள்: ஏற்கெனவே உள்ள நோய்கள் சேர்ந்திருக்கின்றனவா, ஆகாயவழியாகக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா. இந்த இரண்டும் இல்லாத காப்பீட்டுத் தாள் வெறும் தாள்.

போன் கிடைக்குமா?

ஊர்களில் கிடைக்கும், நடுவில் பெரும்பாலும் கிடைக்காது. இந்தப் பக்கத்துக்கு டெல்ஸ்ட்ரா சிம்தான் ஓரளவு உதவும். அவசர எண் 000, ஆனால் எந்தக் கோபுரமும் எட்டாத இடத்தில் அதுவும் போகாது. அதனால் பிஎல்பி என்னும் கையடக்க அபாய அறிவிப்புக் கருவி ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புப் பணியாளர்களுக்கு உங்கள் இடம் தெரிந்துவிடும். புதிய ஐபோன்களில் செயற்கைக்கோள் அவசரச் செய்தி ஆஸ்திரேலியாவிலும் உண்டு. எப்படி இயக்குவது என்று பதின்வயதுப் பேரனுக்கும் கற்றுக்கொடுங்கள், ஓட்டுநருக்கே ஏதாவது ஆனால் யார் அழுத்துவது?

சமையல்? பாட்டி வெளிச்சாப்பாடு தொட மாட்டார்.

ரோட்ஹவுஸில் சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவலும் சீஸ் டோஸ்ட்டும்தான், அதுவே இரண்டாம் நாள் போதும் போதும் என்றாகிவிடும். காஸ் அடுப்பு, சின்ன குக்கர், அரிசி, பருப்பு, பொடிவகைகள் கையோடு வரட்டும். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். இட்லி மாவு அந்தக் குளிரில் புளிக்காது. ரவை உப்புமாவும் அடையும் கைகொடுக்கும். கேரவன் பூங்காவின் பொதுச் சமையலிடத்தில் தட்டையான சூட்டுப் பலகை இருக்கும், ஆனால் அதில் காலையில்தான் யாரோ இறைச்சி சுட்டிருப்பார்கள். சொந்தத் தோசைக்கல் ஒன்று இருந்தால் பாட்டிக்கு நிம்மதி.

செம்மண் தூசு பொடி மாதிரி எங்கும் ஏறும். குக்கரின் ரப்பர் வளையத்தில் படிந்தால் ஆவி கசிந்து விசிலே வராது. ஒவ்வொரு வேளையும் வளையத்தை ஈரத்துணியால் துடைத்து, மூடியைத் தனித் துணிப்பையில் வையுங்கள்.

பெரிய கடைகளில் கடைசி போர்ட் அகஸ்டா. கூபர் பீடியிலும் யுலாராவிலும் சூப்பர் மார்க்கெட் உண்டு, விலை கூடுதல். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் கணக்கில் வண்டியில் இருக்கட்டும். மெல்பர்னிலிருந்து மில்டூரா வழியாக வருபவர்கள் யம்பா சோதனைச் சாவடியில் பழங்களையும் தக்காளி, மிளகாய் போன்றவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். பழ ஈயைத் தடுக்கும் ஏற்பாடு அது. காய்கறியை அடிலெய்டு வந்து வாங்குங்கள்.

தேசியப் பூங்காவில் விறகு பொறுக்கக் கூடாது.

ரோடு டிரெய்ன் பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

ரயில் அல்ல, லாரிதான்: ஒரு இழுவண்டியின் பின்னால் மூன்று பெட்டி கோத்து 53 மீட்டர் நீளம் வரை வரும். வடக்குப் பிரதேசத்தில் இந்தச் சாலையில் கார்கள் 130 கி.மீ. வேகம் போகலாம், தெற்கு ஆஸ்திரேலியாவில் 110. ஆனாலும் முந்த வேண்டும் என்றால் எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் காலியாகத் தெரிய வேண்டும். உங்களுக்கு என்ன அவசரம்? யுஎச்எஃப் வானொலி வைத்திருந்தால் 40ஆம் அலைவரிசையில் ஓட்டுநரிடம் பேசலாம்.

பாம்பு, டிங்கோ?

குளிர்காலத்தில் பாம்புகள் அதிகம் வெளியே வருவதில்லை. ஆனாலும் அழுத்தக் கட்டு இரண்டு முதலுதவிப் பெட்டியில் இருக்கட்டும். கடித்தால் கழுவாமல், கீறாமல், கையையோ காலையோ இறுக்கிச் சுற்றி அசையாமல் வைத்து உதவி கூப்பிட வேண்டும். டிங்கோ என்ற ஆஸ்திரேலியக் காட்டு நாய் யுலாரா முகாமுக்குள் இரவில் நடமாடும். உணவுப்பெட்டியை மட்டுமல்ல, வெளியே கழற்றிப் போட்ட செருப்பையும் கவ்விப் போகும். வாசலில் செருப்பை விட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்.

கூபர் பீடியில் என்ன இருக்கிறது, இரண்டு நாள் தங்க?

1915இல் தந்தையோடு தங்கம் தேடி வந்த 14 வயதுப் பையன் வில்லி ஹட்சிசன் ஓபல் கல்லைக் கண்டெடுத்தான், ஊர் அதிலிருந்து வந்தது. வெயிலுக்கு அஞ்சி மக்கள் குன்றைக் குடைந்து வீடு கட்டிக்கொண்டார்கள். உள்ளே ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே தட்பவெப்பம், 23, 24 டிகிரி. தேவாலயமும் நிலத்தடியில்தான். நிலத்தடி அறை ஒன்றில் ஓர் இரவு படுத்தால் பெரியவர்களுக்குக் குளிரிலிருந்து விடுதலை, பிள்ளைகளுக்குக் குகை. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் எண்ணற்றவை, மூடியும் கிடையாது. படமெடுக்கப் பின்னால் நகராதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகையே உண்டு. சின்னப் பிள்ளைகளின் கையை விடவே கூடாது.

உலுருவில் ஏற முடியாது என்கிறார்கள். அப்புறம் பாட்டிக்கு என்ன பார்க்க இருக்கிறது?

2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது தடை. 1985இல் அதே தேதியில்தான் அந்த நிலம் அதன் உரிமையாளர்களான அனங்கு மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஏற வேண்டாம் என்று அவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அது அவர்களுக்குப் புனித இடம். கிரிவலம் தெரிந்த பாட்டிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்காது. பேரன்தான் "அப்போ எதுக்கு வந்தோம்" என்பான்.

348 மீட்டர் உயரப் பாறையை முழுக்கச் சுற்றி வர 10.6 கி.மீ., தரை சமம். நடக்க முடிந்தவர்கள் விடியற்காலையில் கிளம்பட்டும். முடியாதவர்களுக்கு இரண்டு சின்ன நடைகள், இரண்டிலும் சக்கர நாற்காலி போகும்: மாலா நடை, போய்வர 2 கி.மீ., பாறை ஓவியக் குகைகள் வழியில் இருக்கின்றன. முட்டிஜூலு நீர்க்குட்டை, போய்வர 1 கி.மீ. இந்த இரண்டாவதைத்தான் நான் முதலில் சொல்வேன். நிழலும் பறவைச் சத்தமும் உட்கார இருக்கையும் இருக்கும், பாறைச் சுவரில் தண்ணீர் வழிந்த கறுப்புத் தடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். சில பகுதிகளில் படமெடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும், அதை மதியுங்கள். கலாசார மையத்தை ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்க்கலாம்.

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு மூன்று நாளைக்கு 38 டாலர், 18 வயதுக்குள் இலவசம். அதே பூங்காவில் குவிமாடம் குவிமாடமாக நிற்கும் பாறைகள் கட்டா ஜூட்டா; அங்கே வால்பா பள்ளத்தாக்கு நடை 2.6 கி.மீ., கல்லும் சரிவுமாக இருக்கும். முழங்கால்காரர்கள் வாகன நிறுத்துமிடத்திலேயே அந்தக் குவிமாடங்களைப் பார்த்துக்கொண்டு பிளாஸ்க் காபி குடிக்கலாம்.

யுலாரா போகும் வழியில் தட்டையான தலையோடு ஒரு மலை தெரியும்போது வண்டியில் எல்லோரும் "உலுரு!" என்று கத்துவார்கள். அது மவுன்ட் கானர். உலுருவுக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

கிங்ஸ் கேன்யன் பெரியவர்களுக்கு ஏற்றதா?

விளிம்பைச் சுற்றும் 6 கி.மீ. நடை இல்லை. ஆரம்பமே செங்குத்தான படிகள். கீழே ஓடைப்பாதை 2.6 கி.மீ., அதில் முடிந்தவரை போய்த் திரும்பலாம். அங்கிருந்து மெரீனி சாலை வழியாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் குறுக்குவழி என்பார்கள். அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், மண்சாலை வேறு. முதுகுவலிக்காரர்களை வைத்துக்கொண்டு போக வேண்டாம். வந்த வழியே தார்ச்சாலைக்குத் திரும்புங்கள்.

பிள்ளைகளுக்கு மாலையில் போரடிக்காதா?

வானம் இருக்கிறதே. ஜூலை பின்பாதியில் இரவு ஒன்பதரை மணிக்கு உலுருவில் கேட்டை நட்சத்திரம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். நம் ஊரில் தெற்கே சாய்ந்து தெரியும் விருச்சிகம் இங்கே நடுவானில். தென்சிலுவையை ஊரில் திரிசங்கு என்று தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும், கதையை அவர் சொல்லட்டும். அதன் பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது, அங்கிருந்து பால்வீதியின் இருண்ட பகுதிகளைத் தொடர்ந்தால் ஈமு பறவை ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். பழங்குடி மக்கள் பலர் நட்சத்திரங்களுக்கு நடுவிலிருக்கும் இருட்டில் பார்க்கும் உருவம் அது. கண் பழக இருபது நிமிடம் ஆகும், எல்லா விளக்கையும் போனையும் அணைக்கச் சொல்லுங்கள். நிலா இல்லாத நாட்களாகப் பார்த்து யுலாராவைப் பதிவு செய்தால் நல்லது.

ஒரு வாரம்தான் லீவு. உலுரு சாத்தியமா?

ஓட்டிப் போவது சாத்தியம்தான், ஆனால் பெரியவர்கள் பார்ப்பதெல்லாம் முன்சீட்டின் முதுகாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர் போங்கள். அங்கே தங்கும் இடமான வில்பீனா அடிலெய்டிலிருந்து சுமார் 430 கி.மீ., தார்ச்சாலை. வழியில் குவோர்னில் பிச்சி ரிச்சி நீராவி ரயில் ஓடும் நாளாகப் பார்த்துக்கொண்டால் தாத்தா பேரன் இருவருக்கும் அது போதும். 1946இல் ரெக் ஸ்ப்ரிக் என்ற புவியியலாளர் இதே மலைத்தொடரின் எடியக்கரா குன்றுகளில் கண்ட புதைபடிவங்கள் உலகின் மிகப் பழைய விலங்குத் தடங்களில் சேர்ந்தவை. 2004இல் புவியியலில் ஒரு காலகட்டத்துக்கே எடியக்கரன் என்று பெயர் வைத்தார்கள். நாலு இரவு ஒரே இடத்தில் கூடாரம் போட்டு அக்கடா என்று உட்காரலாம்.

திரும்பி வருவது எப்படி?

பெரியவர்களை மீண்டும் 1,500 கி.மீ. உட்கார வைக்காதீர்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து அடிலெய்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது, இரண்டு மணி நேரம். தாத்தா, பாட்டி, சின்னக் குழந்தையோடு ஒருவர் விமானத்தில் போகட்டும். ஓட்டுபவர்கள் இருவர் மூன்று நாளில் வண்டிகளைக் கொண்டுவந்துவிடலாம். வண்டியை ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே விட்டுவிட்டு எல்லோருமே பறக்கலாம் என்றால், ஒருவழி வாடகைக்கு நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்கும். அதையும் பெட்ரோல், இரண்டு இரவுத் தங்கல் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஜூலையில் அந்த விமானம் சீக்கிரம் நிரம்பிவிடும், யுலாரா பதிவோடு சேர்த்து அதையும் எடுத்துவிடுங்கள்.